படைவீரனுக்கு வழிகாட்டுதல்



ஓர் இளைஞனைப் பட்டாளத்தில் சேர்ப்பதற்காக நம் ஊர்களில் எடுத்துக்கொள்ளப்படும் சிரத்தையைக் கண்டு நான் பலமுறை வியந்திருக்கிறேன். வைகறையில் அவனை எழுப்பி ஏரிக்கரையில் ஓடவைப்பதும், 1600 மீட்டர் ஓட்டத்தில் அவனுக்கு ஆகும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துவைப்பதும், எழுத்துப் பரீட்சைக்குக் கணக்கும் பொது அறிவும் சொல்லிக்கொடுப்பதும், ஆள்சேர்ப்பு முகாம் நடக்கும் ஊருக்கு முதல்நாள் இரவே துணையாகச் சென்று தங்குவதும் ஆகிய இவ்வளவையும் தந்தையரும் தமையன்மாரும் ஓய்வுபெற்ற சுபேதார்களும் எந்த ஊதியமும் எதிர்பாராமல் செய்துவருகிறார்கள். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போன்ற ஊர்களில் இது தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஒரு தருமமாகவே நிலைத்துவிட்டது. ஆயினும் அந்த இளைஞன் தேர்வு பெற்று, பயிற்சி முடித்து, சத்தியப் பிரமாணம் எடுத்துத் தன் படைப்பிரிவுக்குப் போய்ச் சேர்ந்த அன்றோடு நம்முடைய சிரத்தையும் முடிந்துவிடுகிறது. "பையன் பட்டாளத்தில் இருக்கிறான்" என்று சொல்லி நாம் நிம்மதி அடைகிறோம். பட்டாளத்தில் அவன் என்னவாக இருக்கிறான், இன்னும் ஐந்து ஆண்டுகளில் என்னவாக விரும்புகிறான், அதற்கு இன்றைக்கு என்ன செய்துகொண்டிருக்கிறான் என்ற கேள்விகளை நம்மில் மிகச் சிலரே கேட்கிறோம்.

படையின் கல்விப் பிரிவில் சிப்பாய்களுக்குப் பாடம் சொல்லும் ஊழியத்தில் இளமையைக் கழித்தவன் என்ற முறையில், இன்று உங்கள் முன் நான் வைக்க விரும்பும் கருத்து ஒன்றுதான். சேனையில் ஒருவன் செல்லக்கூடிய வழிகள் பல. அவ்வழிகள் ஒவ்வொன்றின் வாசலும் ஒரு குறிப்பிட்ட வயதில், ஒரு குறிப்பிட்ட யோக்கியதையோடு வருபவனுக்கு மட்டுமே திறக்கிறது. ஆகையால் அவ்வாசல்களைக் காலத்தில் அவனுக்கு அறிவித்து, அவற்றுள் எதில் நுழைவது என்னும் தீர்மானத்தை அவனிடமே விட்டுவிடுவதுதான் மூத்தவர்கள் செய்யத்தக்க உண்மையான உதவி. அறிவிக்காமல் இருப்பது ஒரு தவறு; அறிவித்த பிறகு அவனுக்காக நாமே தீர்மானிப்பது அதைக் காட்டிலும் பெரிய தவறு.

திருவள்ளுவர் பொருட்பாலில் படையைப் பற்றிப் படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்கள் வகுத்தார் என்பதை நாம் அறிவோம். ஒருவனை ஆராய்ந்து தெளிவதற்கும், தெளிந்தபின் அவனுக்கு ஏற்ற வினையில் அவனை அமர்த்துவதற்கும் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று அதே அளவில் இரண்டு அதிகாரங்களை அவர் ஒதுக்கியிருக்கிறார் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வீரத்திற்குத் தந்த இடத்தை ஆளறிந்து பணி தருவதற்கும் தந்த அந்தப் பேராசானுடைய விவேகம், இன்று நாம் பேசும் விஷயத்திற்கு அடிப்படையாக அமையத்தக்கது. அவ்விவேகத்தைப் பின்பற்றி மூன்று விசாரணைகளை நாம் செய்யவேண்டும் என்று நான் கருதுகிறேன். இளைஞனுடைய இயல்பு யாது? சேனைக்குத் தேவை யாது? காலம் எவ்வளவு இருக்கிறது?

முதலில் இயல்பு. பட்டாளம் என்றதும் துப்பாக்கி ஏந்தி நிற்கும் ஒரே உருவம் பலருடைய மனக்கண்ணில் தோன்றுகிறது. உண்மையில் இந்திய இராணுவம் பல தொழில்கள் ஒருங்கே நடைபெறும் மாபெரும் ஸ்தாபனம். எதிரியை நேருக்கு நேர் சந்திக்கும் காலாட்படையும் கவசப்படையும் அதில் உண்டு, பீரங்கிப்படை உண்டு, பாலம் கட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் செய்யும் பொறியாளர் படை உண்டு, செய்தித் தொடர்பைக் காக்கும் சிக்னல்ஸ் உண்டு, வண்டிகளையும் ஆயுதங்களையும் பழுதுபார்க்கும் ஈ.எம்.இ. உண்டு; உணவும் எரிபொருளும் கொண்டு சேர்ப்பவர்களும், காயம்பட்டவனுக்குச் சிகிச்சை செய்பவர்களும், கணக்கும் ஆவணமும் பேணுபவர்களும் உண்டு. சேரும்போதே பொதுப்பணி, தொழில்நுட்பம், கிளார்க் மற்றும் பண்டகக் காப்பாளர், நர்சிங் உதவியாளர், டிரேட்ஸ்மேன் என்று பிரித்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். இப்பிரிவுகளின் வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல், எந்த முகாம் முதலில் வந்ததோ அதில் சேர்ந்துவிட்டவர்கள் ஏராளம். சேர்ந்த பிறகு பிரிவை மாற்றிக்கொள்வது எளிதன்று என்பதால், இந்த முதல் விசாரணை விண்ணப்பம் எழுதும் நாளிலேயே தொடங்கவேண்டும்.

இயல்பை அறிவது எப்படி? அவனையே உட்காரவைத்து, "உன் சுபாவம் என்ன?" என்று கேட்டால் பதில் வராது. எந்த வேலையைச் செய்யும்போது அவன் பசியை மறக்கிறான் என்று கவனியுங்கள். விளையாட்டில் தோற்றுக்கொண்டிருக்கும்போது கூட்டாளிகளை அதட்டி ஒன்றுசேர்ப்பவன் ஒருவன். அவன் காலாட்படையில் ஒரு செக்ஷனை நடத்தத் தக்கவன். பழுதான மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, அது ஓடும்வரை எழுந்திருக்காதவன் இன்னொருவன். அவனுக்குச் செகந்தராபாத்தில் உள்ள ஈ.எம்.இ. இராணுவக் கல்லூரியில் பயிலும் ஆசையை ஊட்டலாம். அடிபட்டவனைக் கண்டால் பிறர் விலகி நிற்க, முன்சென்று துணிகிழித்துக் கட்டுபவன் மூன்றாமவன். அவனுடைய இடம் இராணுவ மருத்துவப் படை. இவர்களில் ஒருவனை உயர்ந்தவன் என்றும் மற்றவனைத் தாழ்ந்தவன் என்றும் எண்ணுவதற்கு எந்த நியாயமும் இல்லை. செங்கற்பட்டுச் சீமையின் கீழ் ஒட்டிவாக்கத்தில் பிறந்து, மதராஸ் சாப்பர்ஸ் என்று பெயர்பெற்ற பொறியாளர் படையில் பணியாற்றிய சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், கண்ணிவெடி வெடிக்கும் தறுவாயில் தன் உடலையே அதன்மேல் போட்டுத் தோழர்களைக் காத்து உயிர்நீத்தார். ஜார்ஜ் சிலுவை என்னும் உயரிய விருது அவருக்கு அளிக்கப்பட்டது. கண்ணி தேடிப் பாதை திறக்கும் தொழிலில் இருந்தவர் அவர். தொழிற்படையில் சேர்ந்தால் வீரத்துக்கு இடமில்லை என்று எண்ணும் இளைஞனிடம் இந்த ஒரு சரித்திரத்தைச் சொன்னால் போதும்.

இரண்டாவது விசாரணை, சேனையின் தேவை. இளைஞன் தன் விருப்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஒவ்வொரு பதவிக்கும் இடங்கள் வரையறுக்கப்பட்டவை. அவ்விடங்களுக்குப் படை எவ்வகை மனிதனைத் தேடுகிறது என்பதை அறிந்து அதற்குத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்பவனே முன்னேறுகிறான். இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சிப்பாய்க்கு முதலில் தெரியும் வழி, பதவி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் வழி. சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று உயர்ந்து, பிறகு நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்னும் ஜே.சி.ஓ. பதவிகளை அடைவது அது. ஒரு பட்டாலியனில் சுபேதார் மேஜர் ஒருவரே இருப்பார். ஜவான்களுடைய நலன், ஒழுக்கம், மனநிலை ஆகியவை பற்றித் தளபதி முதலில் கலந்தாலோசிப்பது அவரைத்தான். இந்த வழியில் செல்ல விரும்புபவன், காலம் போகப் போகப் பதவி தானாக வரும் என்று இருந்துவிடக் கூடாது. பதவி உயர்வுக்கான கேடர் பயிற்சி, வரைபடம் படிக்கும் பரீட்சை, இராணுவக் கல்விச் சான்றிதழ் ஆகியவற்றை வரும் முதல் வாய்ப்பிலேயே முடித்துவிடவேண்டும். பெலகாவியில் இளந்தலைவர்களுக்கு நடக்கும் பயிற்சி, குல்மார்கில் உயர்மலைப் போர்ப் பள்ளி, மிசோரமில் வைரெங்டே என்னும் ஊரில் உள்ள வனப்போர்ப் பள்ளி ஆகியவற்றிற்குத் தன்னை அனுப்பும்படி அவன் தன் கம்பெனியில் கேட்கவேண்டும். பயிற்சிக்குப் போவதைத் தண்டனையாகக் கருதித் தட்டிக்கழிக்கும் வழக்கம் சில இளைஞரிடம் உண்டு. பத்து ஆண்டுகள் கழித்துப் பதவிப் பட்டியலில் தம் பெயர் இல்லாததைக் கண்டு அவர்கள் வருந்துகிறார்கள்.

கல்வியினால் உயர்ந்த சிப்பாய்க்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. பஞ்சாபில் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்து, 1936-இல் சீக்கிய ரெஜிமெண்டில் சேர்ந்த ஜோகிந்தர் சிங், சேர்ந்த பிறகுதான் இராணுவக் கல்விப் பரீட்சைகளை எழுதித் தேறித் தம் பட்டாலியனின் கல்விப் பயிற்றுநராக நியமனம் பெற்றார். தோழர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அதே மனிதர், சுபேதாராக இருந்து, 1962 அக்டோபரில் தவாங் பகுதியின் பும்லாவில் சீனப் படையை எதிர்த்துத் தம் பிளாட்டூனைக் கடைசிவரை நடத்தினார்; பரம்வீர் சக்கரம் அவருக்கு அளிக்கப்பட்டது. புத்தகமும் துப்பாக்கியும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று எண்ணுபவர்கள் அவர் வாழ்க்கையை நினைவிற்கொள்ளவேண்டும்.

அடுத்த வழி, சிப்பாயாகச் சேர்ந்தவன் கமிஷன் பெற்று அதிகாரியாவது. இவ்வாறு ஒரு வழி இருப்பதே நம் கிராமங்களில் பலருக்குத் தெரியாது. இந்த வழிக்கு நெடிய சரித்திரம் உண்டு. 1929-இல் மத்திய இந்தியாவின் நௌகாங்கில் கிச்சனர் கல்லூரி என்ற பெயரில் தொடங்கப்பட்ட நிறுவனமே, சுதந்திரத்திற்குப் பின் 1960-இல் ஆர்மி கேடட் கல்லூரி என்று புத்துருப் பெற்று, இன்று டேராடூனில் இந்திய இராணுவ அகாடமியின் ஒரு பிரிவாக இயங்குகிறது. முப்படைகளுள் எதிலாவது குறைந்தது 2 ஆண்டுகள் பணியாற்றிய, 12-ஆம் வகுப்புத் தேறிய, 20 முதல் 27 வயதுக்குட்பட்ட வீரர்களுக்கு அது இடமளிக்கிறது. எழுத்துத் தேர்வு ஒன்று. அதில் வென்றவர்களுக்கு எஸ்.எஸ்.பி. என்னும் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் சோதனை. அதன்பின் மருத்துவப் பரிசோதனை. தேறியவன் மூன்று ஆண்டுகள் அங்கே படித்து ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டம் பெற்று, பிறகு ஓராண்டு அகாடமிப் பயிற்சி முடித்து லெப்டினன்டாக வெளியே வருகிறான். இவை தவிர, மேலும் சில ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்கென்று தனித்த கமிஷன் முறைகளும் உண்டு. வயது வரம்பும் கல்வி நிபந்தனையும் அவ்வப்போது திருத்தப்படுமாதலால், பட்டாலியன் அலுவலகத்திற்கு வரும் புதிய உத்தரவை அவன் தன் கண்ணாலேயே படித்துக்கொள்ளவேண்டும்.

இவ்வாறு அதிகாரியாகலாம் என்பதற்கு ஒரு மகோன்னதமான சாட்சி ஹோஷியார் சிங். ஹரியானாவில் பிறந்து, 1957-இல் ஜாட் ரெஜிமெண்டில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, ஆறு ஆண்டுகளுக்குப் பின் 1963-இல் கமிஷன் பெற்றுக் கிரனேடியர்ஸ் ரெஜிமெண்டுக்கு வந்த அவர், 1971 டிசம்பரில் பசந்தர் நதியைக் கடந்து ஜர்பால் என்னும் இடத்தைக் கைப்பற்றிய போரில், காயமுற்ற நிலையிலும் பின்வாங்க மறுத்து, ஒரு பதுங்குகுழியிலிருந்து இன்னொன்றுக்குச் சென்று தம் வீரர்களை ஊக்கப்படுத்தினார். மேஜர் ஹோஷியார் சிங்குக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்தது. உயிரோடிருந்து அதைப் பெறும் பாக்கியமும் அவருக்கு இருந்தது. சிப்பாயின் கஷ்டத்தை நேரில் அறிந்த ஓர் அதிகாரி தம் கீழுள்ளவர்களுக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதை அவருடைய நடத்தை காட்டுகிறது.

இருந்தாலும் ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். கமிஷன் பெற்றவனே வெற்றி பெற்றவன், மற்றவர்கள் தோற்றவர்கள் என்னும் அபிப்பிராயத்தை இளைஞன் மனத்தில் நாம் விதைக்கக் கூடாது. எஸ்.எஸ்.பி. வாரியம் ஒரு குறிப்பிட்ட வகைத் தலைமைக் குணத்தைத் தேடுகிறது. அதில் தேறாதவன் மிகச் சிறந்த ஹவில்தாராக விளங்கக்கூடும். பயிற்சிக்கூடங்களில் பணம் கொடுத்து மனப்பாடம் செய்த பதில்களோடு அங்கே போவதால் பயனில்லை. மனோதத்துவச் சோதனையும், குழுவாகச் செய்யும் காரியங்களும், நேர்முகமும் ஒரே மனிதனை மூன்று பக்கங்களிலிருந்து பார்க்கின்றன. உள்ளதை உள்ளபடி காட்டுபவனே அங்கு நிலைக்கிறான். செய்தித்தாள் படிப்பதும், நாலுபேர் முன் கோவையாகப் பேசிப் பழகுவதும், அறியாததை அறியேன் என்று சொல்லும் துணிவும்தான் அவனுக்கு நாம் ஊட்டக்கூடிய ஆயத்தம்.

மூன்றாவது வழி, தொழிற்றிறமையிலும் தனித்திறமையிலும் சிறப்பது. சிக்னல்ஸில் தொலைத்தொடர்பைக் கற்றவனும், மருத்துவப் படையில் அறுவை அறையில் துணைநின்றவனும், பச்மடியில் கல்விப்படையின் பயிற்சி பெற்று ஆசிரியனானவனும் படைக்குள்ளும் மதிக்கப்படுகிறார்கள். வெளியே வந்த பிறகும் அக்கலை அவர்களைக் கைவிடுவதில்லை. விளையாட்டும் இவ்வழியைச் சேர்ந்ததே. 1922-இல் சிப்பாயாகச் சேர்ந்த தியான் சந்த், பட்டாளத்தில்தான் ஹாக்கியைத் தீவிரமாகப் பழகி, மூன்று ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற அணிகளில் ஆடி, 1956-இல் மேஜராக ஓய்வு பெற்றார். பிரிவினைக் கலவரத்தில் பெற்றோரை இழந்த மில்கா சிங், ஈ.எம்.இ.யில் ஜவானாகச் சேர்ந்து செகந்தராபாத்தில் பயிற்சி பெற்ற காலத்தில்தான் ஓட்டப்பந்தயம் என்னும் கலையை அறிந்தார். 1958-இல் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். அவ்வாண்டு வெற்றிகளுக்காகவே ஜே.சி.ஓ.வாக உயர்த்தப்பட்டார். இவ்விருவரும் தங்களுக்குள் இருந்த சக்தியைப் படையில் சேர்ந்த பின்னரே கண்டுகொண்டார்கள் என்பதை நாம் ஆழ்ந்து சிந்திக்கவேண்டும். இருபது வயதில் ஒருவன் தன்னை முழுவதும் அறிந்திருப்பான் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. புதியவற்றைச் செய்துபார்க்க அவனைத் தூண்டுவதே நாம் செய்யத்தக்கது.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிகாரிகளாகப் பெண்கள் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 1992 முதல் பயிற்சி பெற்றுவருகிறார்கள். ஜவான் நிலையில், இராணுவப் போலீஸ் படையில் சேர்ந்த முதல் பெண்கள் அணி 2021-இல் பெங்களூரில் பயிற்சி முடித்து வெளிவந்தது. மகன் லீவில் வந்தால் அவன் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசும் தந்தை, மகள் லீவில் வந்தால் அவளுடைய கலியாணத்தைப் பற்றி மட்டும் பேசுவது இனியும் நியாயமாகாது. அவளிடமும் இதே மூன்று விசாரணைகளைச் செய்யுங்கள்.

இனி மூன்றாவது விசாரணையாகிய காலத்திற்கு வருகிறேன். இதுவே இன்று எல்லாவற்றிலும் அவசரமானது. முன்பெல்லாம் சிப்பாயாகச் சேர்ந்தவன் 15 ஆண்டுகள் பணிசெய்தால் பென்ஷனுக்கு உரியவனானான். முதல் சில ஆண்டுகளை அவன் வீணாக்கினாலும் பிறகு ஈடுசெய்துகொள்ள அவகாசம் இருந்தது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி சேருகிறவன் 4 ஆண்டுகளுக்கே அக்னிவீரனாக இருக்கிறான். ஒவ்வோர் அணியிலும் அதிகபட்சம் 25 விழுக்காட்டினர், நான்கு ஆண்டுகளில் அவர்கள் காட்டிய திறமையின் பேரில் தேர்ந்தெடுக்கப்பட்டு, மேலும் 15 ஆண்டுகளுக்கு நிலையான சேவையில் சேர்க்கப்படுவார்கள் என்று திட்டம் கூறுகிறது, ஏனையோர் வெளிவரவேண்டும். விதைப்பதற்குரிய பட்டத்தைத் தவறவிட்ட உழவன் எவ்வளவு நீர் பாய்ச்சினாலும் அவ்வாண்டு விளைச்சலைக் காணமாட்டான். அக்னிவீரனுடைய முதல் ஆண்டும் அத்தகைய பட்டமே. திட்டம் நல்லதா அல்லதா என்னும் வாதம் தேசத்தில் நடக்கட்டும். இன்று அதற்குள் இருக்கும் நம் பிள்ளைக்கு அவ்வாதத்தினால் ஒரு நாளும் கூடப்போவதில்லை.

ஆகையால் கணக்கைத் தெளிவாக அவனுக்குச் சொல்லுங்கள். முதல் ஆண்டில் அவனுக்கு மாதம் 30,000 ரூபாய் ஊதியம் என்று வகுக்கப்பட்டுள்ளது. அதில் 30 விழுக்காடாகிய 9,000 சேவா நிதிக்குப் பிடிக்கப்பட்டு, கையில் 21,000 கிடைக்கிறது. நான்காம் ஆண்டில் ஊதியம் 40,000 ஆகிறது. அவன் செலுத்துவதற்குச் சமமான தொகையை அரசாங்கமும் செலுத்தி, வட்டியோடு சேர்த்து நான்காம் ஆண்டின் முடிவில் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய் வருமான வரி இல்லாமல் கைக்கு வரும். பென்ஷனும் பணிக்கொடையும் கிடையா. இந்தத் தொகையைப் பார்த்தவுடன் வீடு கட்டுவதற்கும், தங்கையின் திருமணத்திற்கும், பழைய கடனை அடைப்பதற்கும் குடும்பம் அதை முன்கூட்டியே பங்கிட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. அது இருபத்தைந்து வயதை ஒட்டி வேலை முடிந்து வெளிவரும் ஓர் இளைஞனுடைய மறுவாழ்வுக்கான மூலதனம் என்பதை நாம் மறக்கலாகாது.

படிப்பின் விஷயத்திலும் வாசல் திறந்தே இருக்கிறது. 10-ஆம் வகுப்போடு சேர்ந்தவன் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக 12-ஆம் வகுப்புச் சான்றிதழ் பெற வழிசெய்யப்பட்டுள்ளது. 12 முடித்தவனுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒரு பட்டப்படிப்பை வகுத்திருக்கிறது. அதற்குரிய கிரெடிட்டுகளில் பாதியைப் படையில் அவன் பெறும் பயிற்சியே ஈட்டித் தருகிறது. நான்கு ஆண்டின் முடிவில் பட்டதாரியாக வெளிவருபவனுக்கு மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் அக்னிவீரர்களுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களும், காவல்துறைத் தேர்வுகளும், வயது இடங்கொடுத்தால் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகளுக்கான சி.டி.எஸ். பரீட்சை வழியாக அதிகாரிகள் அகாடமியும் எதிரே நிற்கும். அதே நான்கு ஆண்டுகளைக் கைப்பேசியில் கழித்தவனுக்கு இவற்றுள் ஒன்றும் எட்டாது. முதல் ஆண்டில் பயிற்சியும் பதிவும், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் படிப்பும் பரீட்சையும், நான்காம் ஆண்டில் நிலையான சேவைக்கும் வெளியுலகுக்கும் ஒருசேர ஆயத்தமும் என்று அவன் தன் காலத்தைப் பகிர்ந்துகொள்வானாகில், தேர்ந்தெடுக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும் அவன் கலங்கவேண்டியதில்லை.

அக்னிவீரனுக்கு ஆண்டில் 30 நாட்களே லீவு. அந்த முப்பது நாட்களில் கோயில், உறவினர் வீடு, நண்பர்கள், கிரிக்கெட் என்று போனவை போக, அவனோடு அமர்ந்து நிதானமாகப் பேச நமக்குக் கிடைப்பது சில மாலைகள்தாம். அம்மாலைகளை நாம் எப்படிப் பயன்படுத்தவேண்டும் என்பதைச் சொல்லி என் உரையை முடிவை நோக்கிக் கொண்டுசெல்கிறேன்.

முதலில், நம்முடைய நிறைவேறாத அபிலாஷைகளை அவன் தலையில் ஏற்றக் கூடாது. தாம் கமிஷன் பெறாமல் போனதற்காக மகனைக் கட்டாயப்படுத்தும் தந்தையும், தாம் பனிமலையில் பட்ட துன்பத்திற்காக மருமகனைப் பாதுகாப்பான அலுவலக வேலைக்குத் தள்ளும் மாமனும் அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆயினும் அவ்வன்பு அவனுடைய இயல்பை விசாரிக்கவில்லை. இரண்டாவதாக, நாம் பணியாற்றிய காலத்து விதிகளே இன்றும் நடப்பதாக எண்ணிப் பேசக் கூடாது. ஊதியம், வயது, கல்வித் தகுதி, ஓய்வு ஆகிய எல்லாம் மாறியிருக்கின்றன. நாம் உறுதியாக அறிந்ததைச் சொல்லி, மற்றதை அவனுடைய கம்பெனியின் சீனியர் ஜே.சி.ஓ.விடமும் அலுவலகத்திலும் கேட்கச் சொல்வதே நேர்மை. மூன்றாவதாக, சிபாரிசையும் தரகனையும் வீட்டுவாசலில் ஏற்றக் கூடாது. பணம் வாங்கிக்கொண்டு பதவியோ மாற்றலோ வாங்கித்தருவதாகச் சொல்பவன் பணத்தையும் கொண்டுபோவான், பிள்ளையின் நற்பெயரையும் கொண்டுபோவான்.

இன்னொன்றும் உண்டு, இதைத் தாய்மார்களுக்குச் சிறப்பாகச் சொல்லிக்கொள்கிறேன். வீட்டுக் கடனையும் பங்காளிச் சண்டையையும் ஒவ்வொரு நாளும் போனில் அவனிடம் கொட்டிவிட்டால், மறுநாள் பரீட்சை எழுதவேண்டியவன் என்ன செய்வான்? மறைக்கவேண்டும் என்று சொல்லவில்லை. அவனால் ஆகக்கூடியதை மட்டும், அவன் கேட்கக்கூடிய நேரத்தில் சொல்லுங்கள். அவன் முடித்த ஒவ்வொரு பயிற்சியின் சான்றிதழையும் நகலெடுத்து வீட்டில் பத்திரமாக வையுங்கள். வெளிவந்து வேலை தேடும் நாளில் அந்தக் காகிதங்களே அவனுக்காகப் பேசும்.

கேட்டும் சொல்லியும் முடிந்த பிறகு, தீர்மானத்தை அவனிடம் விட்டுவிடுங்கள். இதுதான் நமக்கு மிகவும் கடினமானது. ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள்: நள்ளிரவில் எல்லைக் காவலில், இருட்டில் அசையும் உருவம் பகைவனா வழிதவறிய கிராமவாசியா என்பதைச் சில நொடிகளில் தீர்மானிக்கும் பொறுப்பைத் தேசம் அந்த இருபது வயது இளைஞனிடம் ஒப்படைத்திருக்கிறது. அவ்வளவு பெரிய தீர்மானத்திற்கு அவனை நம்பும் நாம், அவனுடைய சொந்த வாழ்க்கையின் தீர்மானத்திற்கு அவனை நம்ப மறுப்பது எவ்விதத்திலும் பொருந்தாது. தானே ஆராய்ந்து தேர்ந்துகொண்ட வழியில் வரும் கஷ்டத்தை அவன் பொறுத்துக்கொள்வான். பிறர் தள்ளிய வழியில் சிறிய கஷ்டமும் அவனுக்குப் பெரிதாகத் தோன்றும்.

இங்கே கூடியிருக்கும் முன்னாள் வீரர்களிடம் நான் ஒரு பிரார்த்தனை செய்துகொள்கிறேன். ஆள்சேர்ப்புக்குப் பையன்களை ஓடவைக்கும் அதே சிரத்தையோடு, சேர்ந்துவிட்டவர்களுக்கும் உங்களில் ஒவ்வொருவர் வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஓர் இளைஞன் போதும். அவன் எந்தப் பிரிவில் இருக்கிறான், எந்தப் பரீட்சை எப்போது வருகிறது, எந்த வயதுக்குள் எந்த விண்ணப்பம் போகவேண்டும் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அவனிடம் விசாரியுங்கள். அவன் தேறினால் மகிழுங்கள், தவறினால் அடுத்த வாசல் எது என்று காட்டுங்கள். தகுதியானவன் தகுதியான இடத்தில் நிற்கும் சேனையே பலமுள்ள சேனை. அந்தப் பலத்தில் ஒரு பங்கைச் சேர்க்கும் பணி, சீருடையைக் கழற்றிவைத்த பிறகும் உங்களுக்கு எஞ்சியிருக்கிறது. அதை நீங்கள் மனமுவந்து ஏற்பீர்கள் என்று நம்புகிறேன்.